முழு வேகத்தில் ஓடிப் பார்க்க ஆசையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் சில பேர் சாயங்காலங்களில் ஒரு செம்மண் மைதானத்தில் கூடி ஓடுகிறோம். மாரத்தானுக்குத் தயாராகும் கூட்டம் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடுவோமே, அந்த ஓட்டம். உடம்பில் இருக்கிற வேகம் முழுவதையும் போட்டு ஐம்பது அறுபது மீட்டர், அவ்வளவுதான். வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் சரி, போனில் விசாரிக்கிறவர்களும் சரி, திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அதனால் அவரவர் கேட்ட வார்த்தைகளிலேயே எல்லாவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

"தினமும் காலையில ஜாகிங் போறேன். இதுல தனியா என்ன இருக்கு?"

ஜாகிங்கில் பக்கத்தில் வருகிறவரோடு பேசலாம், பாட்டு கேட்கலாம், மாசக் கடைசிச் செலவை மனசுக்குள் கூட்டிக் கழிக்கலாம். பின்னங்கால் பிடரியில் அடிக்க ஓடும்போது இதில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாது. காதில் காற்று இரைகிறது, கண்ணுக்கு எதிரே இருக்கிற மரம் மட்டும்தான் தெரிகிறது. முழு வேகத்தில் பாதம் தரையைத் தொடும் நேரம் மிகச் சொற்பம். தேர்ந்த ஓட்டக்காரர்களுக்கு அது பத்தில் ஒரு நொடிக்கும் குறைவு, நமக்குக் கொஞ்சம் கூடுதல். மொத்தத்தில், ஓடுகிற நேரத்தில் ஏறக்குறைய பாதியை நாம் தரையில் கால் படாமல் கழிக்கிறோம்.

பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதை இதில் சேர்க்காதீர்கள். ஒரு கையில் பை, இன்னொரு கையில் போன், மனசில் தவிப்பு. அங்கே கால் ஓடுகிறதே தவிர ஆள் ஓடுவதில்லை. எங்கேயும் போய்ச் சேர வேண்டிய அவசரம் இல்லாமல் ஓடும்போதுதான் சந்தோஷம் வருகிறது.

"எனக்கு 43 வயசு. காலேஜ் முடிச்சப்புறம் ஓடினதே இல்லை. இனிமே முடியுமா?"

முடியும். வயது ஏற ஏற ஓட்டத்தில் என்ன குறைகிறது தெரியுமா? காலை மாற்றிப் போடும் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. எடுத்து வைக்கும் ஒவ்வொரு எட்டும் சின்னதாகிறது, பாதம் தரையில் இருக்கும் நேரம் நீள்கிறது. தரையை உதைத்துத் தள்ளும் பலம் போவதுதான் காரணம். வேகத்துக்கென்றே தசையில் ஒருவகை இழைகள் இருக்கின்றன. நடக்கும்போது அவற்றுக்கு அதிக வேலை கிடையாது. வேலை கொடுக்காமலே விட்டால் மெலிந்துவிடும். மறுபடி வேலை கொடுத்தால் ஓரளவு தேறும்.

மூத்தோர் தடகளத்தில் 35 வயதிலிருந்தே பிரிவுகள் தொடங்குகின்றன, நூறைத் தாண்டியவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. பஞ்சாபைச் சேர்ந்த மன் கௌர் 93 வயதில்தான் ஓடவே ஆரம்பித்தார். 2017-ல் ஆக்லாந்தில் நடந்த உலக மூத்தோர் விளையாட்டுப் போட்டியில், 101 வயதில் 100 மீட்டரை 1 நிமிடம் 14 நொடியில் ஓடினார். ஜப்பானின் ஹிடேகிச்சி மியாசாகி 2015-ல் கியோட்டோவில், 105 வயதில் அதே தூரத்தை 42.22 நொடியில் முடித்தார். அரியானாவின் ராம்பாய் பாட்டி 2022-ல் வதோதராவில், அவருக்கும் வயது 105, 45.40 நொடி. எல்லோராலும் அப்படி முடியும் என்று சொல்ல வரவில்லை. 43-ல் கதவு மூடிவிட்டது என்று நீங்களாகவே முடிவு செய்துவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

"அப்போ நாளைக்கே வந்து ஓடிடலாமா?"

வாருங்கள். ஆனால் முதல் நாளே முழு வேகம் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். சின்ன வயசில் ஓடிய வேகம் மனசில் அப்படியே இருக்கிறது, பின்தொடைத் தசைக்கு அது மறந்துவிட்டது. கால் முன்னால் வீசிப் போய், பாதம் தரையில் படுவதற்குச் சற்று முன், பின்தொடைத் தசை நீண்ட நிலையிலேயே அந்த வீச்சைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. தசை கிழிவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

அதனால் முதலில் பத்து நிமிடம் நடை. அப்புறம் மெல்ல ஓட்டம், உடம்பு லேசாக வியர்க்கும் வரை. பிறகு முழங்காலை இடுப்பு வரை தூக்கி நடப்பது, குதிகால் பிட்டத்தில் படும்படி துள்ளுவது, சுவரைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் வீசுவது. குளிர்ந்த உடம்போடு குனிந்து கால் விரலைத் தொட்டு அப்படியே நிற்பதை விட இவை நல்லது. அதற்குப் பிறகு ஐம்பது மீட்டரைப் பாதி வேகத்தில் ஒரு தடவை, முக்கால் வேகத்தில் இரண்டு மூன்று தடவை. முதல் சில வாரங்கள் முக்கால் வேகத்தைத் தாண்டாதீர்கள். அந்த முக்கால் வேகமே முகத்தில் சிரிப்பை வரவழைத்துவிடும்.

பக்கத்தில் மேடு இருந்தால் அதிர்ஷ்டம். ஏரிக்கரைச் சரிவு, பாலத்துக்குப் பக்கத்து ஏற்றம், எதுவானாலும் சரி. மேட்டில் ஏறி ஓடும்போது முயற்சி முழுசாக இருக்கும், வேகம் குறைவாக இருக்கும், பின்தொடைக்கு ஆபத்தும் குறையும். இறங்கும்போது நடந்து வாருங்கள். சமதரையில் ஓடி முடிக்கும்போது சட்டென்று நிற்காமல், இன்னும் இருபது மீட்டர் ஓடித் தணியுங்கள். புதிதாக வருகிறவர்கள் அடிபடுவது பல சமயம் அந்தத் திடீர் நிறுத்தத்தில்தான்.

"எவ்வளவு தூரம்? எத்தனை ரவுண்டு?"

நாற்பது முதல் அறுபது மீட்டர், ஆறு முதல் பத்து நொடி. தசைக்குள் உடனே எடுத்துச் செலவழிக்கத் தயாராக இருக்கும் சக்தி கிட்டத்தட்ட அவ்வளவு நேரத்துக்குத்தான் வரும். அதற்கு மேல் இழுத்தால் கால் கனக்கும், வேகம் இறங்கும், ஓட்டம் தண்டனை மாதிரி ஆகிவிடும். செலவான சக்தி ஊற மூன்று நான்கு நிமிடம் வேண்டும். அந்த இடைவெளியில் நடங்கள், அரட்டை அடியுங்கள், தண்ணீர் குடியுங்கள்.

நான்கைந்து ஓட்டம் போதும். வாரத்தில் இரண்டு நாள், நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி. இன்னும் ஒன்று ஓடலாமே என்று ஆசை இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

"குழந்தைங்க மட்டும் எப்படி அலுப்பே இல்லாம ஓடிக்கிட்டே இருக்குதுங்க?"

கூர்ந்து பார்த்தால் அவர்கள் ஓடிக்கொண்டே இருப்பதில்லை என்பது தெரியும். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பாருங்கள். மூன்று நான்கு நொடி தலைதெறிக்க ஓட்டம், சட்டென்று நின்று ஏதோ ஒரு வாக்குவாதம், தரையில் கிடக்கும் ஒரு குச்சியை எடுத்துப் பார்ப்பது, மறுபடி ஓட்டம். போன பதிலில் சொன்ன கணக்கை யாரும் சொல்லித் தராமலேயே அவர்கள் கடைப்பிடிக்கிறார்கள். அத்தோடு, வயதுக்கு வராத பிள்ளைகளின் உடம்பு ஒரு வேக ஓட்டத்துக்குப் பிறகு பெரியவர்களை விடச் சீக்கிரம் மீள்கிறது. தசையில் களைப்பு அவர்களுக்கு அவ்வளவாகச் சேர்வதில்லை.

நம்முடைய விளையாட்டுகளும் இதற்கேற்றபடியே அமைந்திருக்கின்றன. குலை குலையாய் முந்திரிக்காய் விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். துணியை வைத்துக்கொண்டு சுற்றி வருகிற பெண் முகத்தில் ஒன்றும் காட்டாமல் யாரோ ஒருவர் முதுகுக்குப் பின்னால் அதைப் போட்டுவிட்டு, அதே நடையில் நகர்வாள். உட்கார்ந்திருப்பவன் கையைப் பின்னால் விட்டுத் துழாவுவான். துணி கையில் பட்ட அடுத்த கணம் அவன் எழுந்திருப்பதைப் பார்க்க வேண்டும். ஒரு கை தரையில் ஊன்றி, புழுதி பறக்க, எழுந்திருக்கும்போதே ஓட ஆரம்பித்திருப்பான். ஒரு சுற்றுதான், சில நொடிதான். காலி இடத்தில் ஒருத்தி பொத்தென்று விழ, வட்டம் மொத்தமும் கத்தும். அப்புறம் எல்லோருக்கும் ஓய்வு. தொட்டுப்பிடியும் இப்படித்தான், கல்லா மண்ணாவும் இப்படித்தான்.

"ஷூ வாங்கணுமா? வெறுங்காலோட ஓடலாமா? பீச்சுல ஓடலாமா?"

காலை இறுக்காத, லேசான எந்த ஷூவும் போதும். அடியில் தடிமனான மெத்தை வைத்தவை நெடுந்தூரத்துக்குச் சுகம், வேகமாக ஓடும்போது கொஞ்சம் ஆட்டம் கொடுக்கும். சுத்தமான புல்தரையில் வெறுங்காலோடு ஓடுவது தனி ஆனந்தம். நெருஞ்சி முள்ளும் கண்ணாடிச் சில்லும் இல்லையென்று முதலில் ஒரு முறை நடந்து பார்த்துவிடுங்கள். வேகம் கூடும்போது முன்பாதம் தானாகவே தரையைத் தொடும், அதற்காக வலிந்து நுனிக்காலில் ஓட வேண்டாம்.

தரை என்றால் புல், இறுகிய செம்மண், செயற்கை ஓடுதளம், இவை மூன்றும் நல்லவை. சிமென்ட் ரோடு கடைசிபட்சம். மெரினாவில் நடைபாதையை விட்டு இறங்கியதும் வரும் பொதபொத மணலில் ஓடினால் கால் புதைந்து வேகமே வராது, கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் மறுநாள் வலிக்கும். அலை வந்து போன ஈர மணல் இறுகியிருக்கும், ஆனால் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். அங்கே ஓடுவதானால் ஒரு தடவை வடக்கே, ஒரு தடவை தெற்கே என்று மாறி மாறி ஓடுங்கள். டிரெட்மில்லில் முழு வேகத்துக்குப் போகவே போகாதீர்கள். கால் தடுமாறினால் பெல்ட் நிற்காது.

"அக்கா, சுடிதார்ல வரலாமா? ட்ராக் பேண்ட் எல்லாம் எங்க வீட்ல பழக்கம் இல்லை."

தாராளமாக வரலாம். துப்பட்டாவைக் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள், அல்லது குறுக்கே போட்டு இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். பேண்ட் குதிகாலுக்குக் கீழே தொங்கக் கூடாது. எங்களோடு புடவையில் ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள், கொசுவத்தைத் தூக்கி முந்தானையோடு சேர்த்துச் செருகிக்கொண்டு. உடையை விட முக்கியமானது நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா. பல பெண்கள் ஓடுவதை நிறுத்தியதற்கு அது இல்லாததும் ஒரு காரணம். செலவு செய்வதானால் ஷூவுக்கு முன்னால் அதற்குச் செய்யுங்கள்.

"யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?"

எல்லாவற்றையும் விட அதிகம் பேரைத் தடுத்து நிறுத்துவது இந்தக் கேள்விதான், முட்டி வலி இல்லை. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பெண் பிள்ளையிடம் "என்ன ஓட்டம், மெதுவா நட" என்று ஆரம்பிக்கிறோம். பையன்களுக்கு இன்னும் நாலைந்து வருடம் அவகாசம், அதற்கப்புறம் கிரிக்கெட் மட்டையோ கால்பந்தோ கையில் இருந்தால்தான் ஓட அனுமதி. பிறகு வாழ்நாள் முழுக்க, பெரிய மனுஷன் ஓடினால் வீட்டில் ஏதோ விபரீதம் என்று ஊர் நினைக்கும். இது எனக்குக் கோபம் வருகிற விஷயம். ஓடுவதற்குக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயத்தை நாமாகத்தான் ஏற்படுத்திக்கொண்டோம்.

நடைமுறையில் என்ன நடக்கிறதென்றால், வாக்கிங் போகிறவர்கள் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஓரத்தில் விளையாடும் பிள்ளைகள்தான் விடாமல் பார்ப்பார்கள். இரண்டாவது ஓட்டத்தில் உங்கள் பக்கத்தில் வந்து நின்று "ரெடி, ஸ்டெடி" சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். கூச்சம் அதிகமென்றால் முதலில் இரண்டு மூன்று பேராக வாருங்கள்.

"தெருவில ஓடினா நாய் துரத்துமே?"

துரத்தும். அதனால்தான் தெருவில் ஓட வேண்டாம் என்கிறேன். மைதானத்தில் வழக்கமாக இருக்கும் நாய்கள் சில நாளில் பழகிவிடும். நாய் துரத்த ஆரம்பித்தால் ஓட்டத்தை நிறுத்தி, அதை முறைத்துப் பார்க்காமல், மெல்லப் பின்வாங்குங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசிக்குப் போங்கள்.

"வெயிட் குறையுமா?"

இதனால் மட்டும் பெரிதாகக் குறையாது. மொத்தமே ஒரு நிமிடத்துக்கும் குறைவான ஓட்டம். காலுக்கு வலு சேரும், எலும்புக்கு நல்லது. ஆனால் எடைக்காக வருகிறவர்கள் ஒரு மாதத்தில் நின்றுவிடுகிறார்கள்.

"எனக்கு பிபி இருக்கு, சுகரும் இருக்கு. ஓடலாமா?"

டாக்டரைப் பார்த்துவிட்டு. அவரிடம் "எக்ஸர்சைஸ் பண்ணலாமா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், நடக்கலாம் என்றுதான் பதில் வரும். "சில நொடி முழு வேகத்தில் ஓடப் போகிறேன்" என்று குறிப்பாகச் சொல்லிக் கேளுங்கள். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சு வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு இருக்கிறவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அவர்கள், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், இவர்கள் யாரும் கேட்காமல் ஓடக் கூடாது. பழக்கமில்லாத உடம்பில் திடீரென்று கடும் முயற்சி செய்தால், மறைந்திருக்கும் இதய நோய் அந்த நேரத்தில் வெளிப்படலாம்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் மூன்று விஷயம். பாதத்தில் மரமரப்பு இருந்தால் மேலே சொன்ன வெறுங்கால் ஆனந்தம் உங்களுக்கு இல்லை, ஷூ கட்டாயம். விழித்திரையில் பாதிப்பு இருந்தால் கண் மருத்துவரிடமும் கேளுங்கள். இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள்.

"முட்டி தேய்ஞ்சிருக்குன்னு எக்ஸ்ரேயில சொல்லிட்டாங்க. அவ்வளவுதானா?"

ஓடினால் முட்டி தேயும் என்பது பரவலான நம்பிக்கை, அளவோடு ஓடுகிறவர்களிடம் அது உண்மையென்று தெரியவரவில்லை. ஏற்கெனவே தேய்ந்து வலிக்கிற முட்டி வேறு விஷயம். அதற்கு முழு வேக ஓட்டத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தொடைத் தசையை வலுவாக்கப் பிசியோதெரபிஸ்ட் உதவுவார். அதற்குப் பிறகு சிலர் மேட்டு ஓட்டத்துக்கு வர முடிகிறது, சிலரால் முடிவதில்லை.

முடியாதவர்களுக்கு வேகத்தின் சந்தோஷம் இல்லாமல் போகாது. ஆளில்லாத ரோட்டில் சைக்கிளை எழுந்து நின்று மிதித்துப் பாருங்கள். கிணற்றிலோ குளத்திலோ ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஒரே மூச்சில் நீந்துங்கள். சக்கர நாற்காலிப் பந்தயக்காரர்கள் நீண்ட தூரங்களை ஓட்டக்காரர்களை விட வேகமாகக் கடக்கிறார்கள்.

"அக்கா, தனியா கேக்கணும். ரெண்டு குழந்தைக்கப்புறம் வேகமா ஓடினா கொஞ்சம் யூரின் வந்துடுது."

தனியாகக் கேட்டவர்கள் பலர், அதனால்தான் பெயரில்லாமல் இங்கே பொதுவில் எழுதுகிறேன். பிரசவத்துக்குப் பிறகு இது சகஜம். ஆனால் சகஜம் என்பதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இடுப்படித் தசைகளுக்கான பயிற்சியால் நிறையப் பேருக்குக் குறைகிறது. சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசையை இறுக்கி, சில நொடி பிடித்து, விட வேண்டும். சரியான தசையைத்தான் இறுக்குகிறோமா என்று மகப்பேறு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ ஒரு முறை காட்டிக்கொள்ளுங்கள். அதுவரை மேட்டு நடை, மெல்லிய ஓட்டம். கசிகிறதே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள்.

"ஓடும்போது பின்தொடையில 'படக்'னுச்சு. தேய்ச்சு விட்டா சரியாயிடுமா?"

தேய்க்காதீர்கள், இழுத்து நீவாதீர்கள். அது சாதாரணச் சதைப்பிடிப்பாக இல்லாமல் கிழிசலாக இருக்க வாய்ப்பு அதிகம். உடனே நிறுத்தி, துணியில் சுற்றிய ஐஸை இடையிடையே வைத்து, காலுக்கு ஓய்வு கொடுங்கள். நடக்கவே முடியவில்லை, இடம் கன்றிப் போய் நீலம் பாரிக்கிறது என்றால் டாக்டரிடம் போக வேண்டும். வலி போனதும் நேராக முழு வேகத்துக்குத் திரும்புவதுதான் மறுபடி கிழிவதற்கு வழி. "நாளைக்கே வந்து ஓடிடலாமா" கேள்விக்குச் சொன்ன படிகளை முதலிலிருந்து ஏறுங்கள்.

"என் வேகம் எவ்வளவுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

60 மீட்டரை 10 நொடியில் ஓடினால் மணிக்கு 21.6 கிலோமீட்டர். நிறையப் பேர் எதிர்பார்ப்பதை விட இது அதிகம், தெருவில் ஒரு சைக்கிள் சாதாரணமாகப் போகிற வேகத்தைத் தாண்டிவிட்டது. 2009-ல் பெர்லினில் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடியபோது, நடுவில் தொட்ட உச்ச வேகம் மணிக்கு 44 கிலோமீட்டரைத் தாண்டியது. அதாவது மனிதனால் முடிந்த உச்சத்தில் ஏறக்குறைய பாதி உங்கள் காலிலேயே இருக்கிறது.

எப்போதாவது ஒரு முறை அளந்து பாருங்கள், தப்பில்லை. ஒவ்வொரு தடவையும் அளக்காதீர்கள். வாட்ச்சைப் பார்ப்பவர் கடைசிப் பத்து மீட்டரில் தலையைக் குனிகிறார், முகம் இறுகுகிறது. அந்தப் பத்து மீட்டர்தான் இருப்பதிலேயே நல்ல இடம்.

"பையன் கூட ஓடும்போது அவனுக்கு விட்டுக்கொடுக்கணுமா?"

ஓட்டத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள், தொடங்கும் இடத்தில் விட்டுக்கொடுங்கள். அப்பா பொய்யாக மெதுவாக ஓடுவது ஆறு வயசுப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும், அவனுக்கு அது பிடிக்காது. அவனைப் பதினைந்து மீட்டர் முன்னால் நிறுத்தி, நீங்கள் நிஜமாகவே ஓடுங்கள். அவன் சுலபமாக ஜெயித்தால் அடுத்த தடவை அவன் தொடங்கும் கோட்டை இரண்டு மீட்டர் பின்னால் இழுங்கள். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் முடிக்கிற இடம் கிடைத்ததும், முதுகுக்குப் பின்னால் உங்கள் காலடிச் சத்தம் நெருங்குவதைக் கேட்டுக்கொண்டே அவன் ஓடுவான். அப்போது அவன் கத்துகிற கத்தலைக் கேளுங்கள். மாதங்கள் போகப் போக அந்தக் கோடு உங்கள் பக்கமாகவே நகர்ந்து வரும்.

"நீங்க சொன்ன மாதிரியே எல்லாம் செஞ்சேன். சந்தோஷம்னு ஒண்ணும் தெரியலை."

இப்படியும் சொல்கிறார்கள், பொய்யாகச் சொல்வதில்லை. முதலில், எதை எதிர்பார்த்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நெடுந்தூரம் ஓடியவர்கள் சொல்லும் அந்த இதமான மயக்கம், ஓடி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் தங்குவது, இதில் கிடைக்காது. இங்கே கிடைப்பது ஓடுகிற சில நொடிக்குள்ளேயே வந்து போய்விடுகிறது. அப்புறம், பல்லைக் கடித்துக்கொண்டு, முஷ்டியை இறுக்கிக்கொண்டு ஓடினீர்களா? தாடை தொங்கட்டும், விரல்கள் தளர்ந்திருக்கட்டும். தடகளப் பயிற்சியாளர்கள் வேகத்துக்காக இதைச் சொல்வார்கள், சந்தோஷத்துக்கும் இது உதவுகிறது.

அதற்கும் வரவில்லையென்றால் நேர்கோட்டில் தனியாக ஓடுவது உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். துரத்த ஒரு ஆள் வேண்டும், அல்லது துரத்தப்பட வேண்டும். நான்கைந்து பேராக வந்து, உடம்பை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு, ஒரு சின்ன எல்லைக்குள் தொட்டுப்பிடி விளையாடுங்கள். சட்டென்று திரும்ப வேண்டியிருப்பதால் தரை வழுக்காமல் இருப்பது முக்கியம், மழை பெய்த அன்று வேண்டாம். கூட ஒரு குழந்தை இருந்தால் அதையே முதலில் துரத்தச் சொல்லுங்கள். விதிமுறை எல்லாம் அது பார்த்துக்கொள்ளும்.